சான்று கேட்கிறவர்கள்

வேளச்சேரி, சென்னை

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நாளைக்கு அவரை அடுப்படிப் பக்கம் விடாதே. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் நீயே போட்டுவிடு, அவரிடம் விட்டால் மறந்துவிடுவார். இங்கே பாப்பா பிளஸ் ஒன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வீட்டில் எல்லோரும் நலம்.

"ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்துகொள்ளக் கூடாதா, ஏன் இப்படி அலைகிறாய்?" என்று கேட்டிருந்தாய். அக்கறையில் கேட்டது எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வேலை கிடைக்காதது வருத்தம்தான். அந்த வருத்தத்தைவிடப் பெரிய கோபம் ஒன்று இந்த மாதங்களில் எனக்குள் சேர்ந்திருக்கிறது. ஆண்டுதோறும் கல்லூரியில் பிள்ளைகளைப் படிக்க வைத்து வேலைக்கு அனுப்புகிறவள் நீ. உனக்கு இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஐ.டி. கம்பெனியில் என்னை வேலையை விட்டு நீக்கினார்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். காகிதத்தில் அப்படி இல்லை. அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். என் மேலாளர் வாயே திறக்கவில்லை. எச்.ஆர். பெண் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது: 'சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்.' அதை என் மின்னஞ்சலிலிருந்து நான் அனுப்ப வேண்டுமாம். அனுப்பினால் இரண்டு மாதச் சம்பளமும், வேலையிலிருந்து விடுவித்ததாகச் சொல்லும் நல்ல ரிலீவிங் லெட்டரும் உண்டு. இல்லையென்றால் 'செயல்திறன் குறைவு' என்று எழுதி அவர்களே நீக்குவார்கள், அடுத்த கம்பெனி விசாரிக்கும்போதும் அதையே சொல்வார்கள். மாலை ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். வீட்டுக் கடன் தவணையும் பாப்பாவின் பள்ளிக் கட்டணமும் இருக்கிறவள் என்ன செய்வாள்? அனுப்பினேன். பதினோரு ஆண்டு வேலை ஒரு மத்தியானத்தில் முடிந்தது. நானாக விலகுவதென்றால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்று என் பணி ஆணையில் எழுதி வைத்தவர்கள் அவர்கள்.

அந்த ஒரு வரிக்காக ஏன் அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது பிறகுதான் விளங்கியது. ஐ.டி. ஊழியர் சங்கத்தில் இருக்கும் ஒரு தோழர் கணக்குப் போட்டுக் காட்டினார். நமக்குச் சங்கமே கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை இல்லை என்று தமிழக அரசு 2016இலேயே தெளிவுபடுத்திவிட்டதாம். ஆட்குறைப்பு என்று ஒப்புக்கொண்டு நீக்கினால், மேலாளர் அல்லாத ஊழியருக்கு ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளமும் தர வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் இருந்த விதி இது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. என் பதினோரு ஆண்டுக்கு 165 நாள், அதாவது ஐந்தரை மாதச் சம்பளம். முன்னறிவிப்புக்கான ஒரு மாதம் தனி. நானே விலகினேன் என்று எழுதி வாங்கிவிட்டால் இதில் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. கொடுத்த இரண்டு மாதச் சம்பளம் போக, என் கையால் அனுப்ப வைத்த அந்தப் பொய்யால் அவர்களுக்கு மிச்சமான தொகை இதுதான். என்னோடு சேர்த்து எத்தனை பேரிடம் அதே வரியை வாங்கினார்கள் என்று எண்ணிப் பார். முப்பது நாளில் கைக்கு வர வேண்டிய பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கும் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் அனுப்பித்தான் வாங்கினேன்.

இந்தப் பொய் அந்த அறையோடு போகவில்லை, கலா. போகிற நேர்காணலிலெல்லாம் முதல் கேள்வி அதுதான்: "பதினோரு ஆண்டு இருந்த இடத்தை விட்டு ஏன் விலகினீர்கள்?" சொந்தக் காரணம் என்றால் என்ன காரணம் என்று குடைகிறார்கள். உடம்பு சரியில்லையா, வீட்டில் பிரச்சினையா, யாரோடாவது தகராறா? ஆட்குறைப்பு என்று உள்ளதைச் சொன்னேன், பெருங்குடியில் ஓர் இடத்தில். அந்த அதிகாரி என் ரிலீவிங் லெட்டரை விரலால் தட்டி, "இதில் நீங்களே விலகியதாக இருக்கிறதே, அப்படியானால் அப்போது பொய் சொன்னீர்களா, இப்போது சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அந்தக் கடிதங்கள் எப்படி எழுதி வாங்கப்படுகின்றன என்பது அவருக்குத் தெரியாதா? அவர் அலுவலகத்திலும் அதே வேலை நடந்திருக்கும். தெரிந்துகொண்டே கேட்டார் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

நம்மிடம் அவர்கள் கேட்கும் சான்றுகளைக் கேள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வருமான வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம், எல்லாப் பழைய கம்பெனிகளின் ரிலீவிங் லெட்டர். போதாதென்று பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதியின் பாஸ்புக். எந்த மாதம் எந்தக் கம்பெனி பணம் கட்டியது என்பது அதில் அப்படியே இருக்கும். ரெஸ்யூமேயில் எழுதியதற்கும் அதற்கும் ஒரு மாத வித்தியாசம் இருந்தால் போதும், வந்த ஆஃபரைத் திரும்பப் பெறுகிறார்கள். சரிபார்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவர்கள் சொல்வதற்கு என்ன சான்று இருக்கிறது?

சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனி நிரந்தர வேலை, சென்னையில் என்று விளம்பரம் செய்திருந்தது. எல்லாச் சுற்றும் முடிந்த பிறகுதான், சம்பளம் தரப்போவது வேறோர் ஏஜென்சி என்றும், ஆறு மாத ஒப்பந்தம் என்றும், 'பிராஜெக்ட் தேவைப்பட்டால்' புனேக்குப் போக வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லியிருந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம். சொன்னால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துதான் மறைக்கிறார்கள்.

சம்பளம் பேசும் விதத்தை உன் மாணவர்களுக்குக் கரும்பலகையிலேயே எழுதிக் காட்ட வேண்டும். ஒரு கம்பெனி ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் என்றது. கேட்பவர் மாதம் ஒரு லட்சம் என்றுதான் நினைப்பார். பிரித்துக் காட்டச் சொல்லி நான் விடாமல் கேட்டேன். அதில் 1,80,000 'வேரியபிள்', கம்பெனி மனம் வைத்தால் வரும். அடிப்படைச் சம்பளம் மாதம் 50,000. அதற்குக் கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு ஆண்டுக்கு 72,000. அது அவர்களுடைய பங்கு, ஆனால் என் சம்பளம் என்று கணக்கில் காட்டுகிறார்கள். கிராஜுவிட்டிக்கு 28,860. பொதுவாக ஐந்து ஆண்டு முடித்தால்தான் அது என் கைக்கு வரும், இடையில் அனுப்பிவிட்டால் இல்லை. இவற்றைக் கழித்து, மாதாமாதம் என் பங்கு பி.எஃப். 6,000 போனால், கைக்கு வருவது எழுபதாயிரத்துக்குச் சற்று மேல். எழுபதாயிரம் நல்ல சம்பளம்தான். அதை எழுபது என்று சொல்ல ஏன் வாய் வருவதில்லை?

என்னை மிகவும் நோகடித்தது இன்னொன்று. பணம் செலுத்தும் செயலி ஒன்றைச் செய்யும் சிறிய நிறுவனம், 'உங்கள் திறமையைப் பார்க்க' என்று ஒரு வேலை கொடுத்தது. செயலியை அனுப்பி, முழுதும் சோதித்து அறிக்கை தரச் சொன்னார்கள். மென்பொருளில் குறை தேடும் டெஸ்டிங் என் தொழில், அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. ஒரு வாரம் இரவு வேளைகளில் உட்கார்ந்தேன். இணையம் மெதுவாக இருக்கும்போது பணம் செலுத்தும் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பணம் போனது. பணம் திரும்பி வரும்போது பைசாக் கணக்கு சரியாக இல்லை. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு 'ரத்து செய்' என்ற பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது, உன் அம்மா மாதிரி ஒருவர் தவித்துப்போவார். எல்லாவற்றையும் படத்தோடு எழுதி அனுப்பினேன். பதிலே வரவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. சில வாரம் கழித்து அந்தச் செயலி பொதுவில் வெளியானது. இறக்கிப் பார்த்தேன். நான் எழுதிய குறைகள் ஒவ்வொன்றும் சரி செய்யப்பட்டிருந்தன. யாரோ ஒருவருடைய பணம் இரண்டு தடவை போகாமல் இருக்கிறது என்று அதிலும் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஆனால் அது கூலி தர வேண்டிய வேலை. கூலி வேண்டாம், 'நன்றி, உங்களை எடுக்கவில்லை' என்று ஒரு வரி அனுப்பக் கூடவா நேரமில்லை?

பெண் என்பதால் கேட்கும் கேள்விகள் தனி. மகள் பிளஸ் ஒன்னா, அடுத்த ஆண்டு பொதுத் தேர்வு, அதிகம் லீவு போடுவீர்களே? மாமியார் உடன் இருக்கிறாரா? கணவர் என்ன வேலை, அவர் சம்பளம் போதாதா? கடைசிக் கேள்வியைக் கேட்டவரிடம், "உங்கள் மனைவியின் சம்பளம் எவ்வளவு என்று உங்கள் நேர்காணலில் கேட்டார்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். நீ இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பாய்.

என் பழைய குழுவில் ஒரு பையன் இருந்தான், விழுப்புரம் பக்கத்துப் பிள்ளை, என்னோடு சேர்த்து அவனையும் அனுப்பினார்கள். ஒரு கன்சல்டன்சிக்காரன் பெரிய கம்பெனியில் உள்ளிருந்தே இடம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டான். ஆஃபர் லெட்டரில் சின்னம், கையெழுத்து, சேரும் தேதி எல்லாம் பக்காவாக இருந்தன. சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு சிறுசேரி சிப்காட்டுக்குப் போயிருக்கிறான். வாசலில் காவலாளி பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்களை மாதிரி அடிக்கடி வருகிறார்கள், போலீஸுக்குப் போங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பணம் அவன் அக்காவின் நகையை அடகு வைத்து வந்தது. வேப்பேரியில் மத்தியக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க நானும் கூடப் போனேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று வழியெல்லாம் கெஞ்சினான். ஏமாற்றியவன் வேறொரு பெயரில் போர்டு மாட்டியிருப்பான், வெட்கப்படுகிறவன் இவனாக இருக்கிறான்.

எல்லோரும் இப்படி என்று சொன்னால் அது நியாயமாகாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனி, இருபது பேர் இருப்பார்கள். முதலாளியே பேசினார். பத்து நிமிடத்தில், "அம்மா, உங்கள் அனுபவத்துக்கு நான் நாற்பதாயிரத்துக்கு மேல் தர முடியாது, உங்களுக்கு அது போதாது, உங்களை அலைக்கழிக்க விரும்பவில்லை" என்றார். காபி வரவழைத்துக் கொடுத்தார். வேலை இல்லை என்று சொல்லி அனுப்பிய ஒருவரை நான் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன் என்றால், மற்றவர்களிடம் நான் எதிர்பார்ப்பது எவ்வளவு சின்ன விஷயம் என்று உனக்குப் புரியும்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன் கல்லூரிக்கு வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகளிடம், பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் தேதியை எழுத்தில் தரச் சொல்லி உங்கள் முதல்வர் கேட்க முடியுமா? ஆஃபர் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆண்டுக்கு மேல் கூப்பிடாமல் கிடந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீயே போன தடவை வருத்தப்பட்டாய். அசல் சான்றிதழ்களை எந்த முதலாளியிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்றும் சொல். இங்கே ஒரு நிறுவனம் என் பட்டச் சான்றிதழை இரண்டு ஆண்டு தங்கள் அலமாரியில் வைத்திருப்போம் என்றது, நகல் வேண்டுமானால் தருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதச் சொன்னால் ஒரு நாள் அவகாசம் கேட்டு, அன்றே சங்கத்தையோ தொழிலாளர் நல அலுவலகத்தையோ தேடிப் போகச் சொல். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அப்படி ஓர் அலுவலகம் இருக்கிறது என்பதே இங்கே வேலை பார்க்கும் பலருக்குத் தெரியாது.

வியாழக்கிழமை கிண்டியில் ஒரு நேர்காணல் இருக்கிறது. சம்பளப் பிரிவினை, வேலை செய்யும் இடம், யாருடைய ஊழியராகச் சேருவேன் என்ற மூன்றையும் முன்கூட்டியே மின்னஞ்சலில் தரச் சொல்லியிருக்கிறேன். உன் அண்ணன் சொல்வதுபோல இது திமிர் என்று நினைத்துக் கூப்பிடாமலும் போகலாம். பரவாயில்லை. வீட்டில் பேசி, செலவைக் குறைத்து, இன்னும் நான்கு மாதம் தாக்குப்பிடிக்க வழி செய்திருக்கிறோம். பதில் வந்தால் போவேன். எப்படி நடந்தது என்று ஞாயிற்றுக்கிழமை உனக்கு எழுதுகிறேன். நீயும் முதல்வரிடம் பேசிவிட்டு எழுது.

அன்புடன்,
உன் சாந்தி