தாராவி மழையும் பிள்ளைகள் எழுதும் கவிதையும்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. பெரியவள் கல்லூரியில் சேர்ந்ததற்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே தாராவியில் எல்லாரும் நலம், மழை பிடித்துவிட்டது, மே கடைசியிலேயே கூரைக்கு நீலத் தார்ப்பாய் கட்டி முடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நம் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் அல்லவா, இப்போது கவிதை எழுத வைத்திருக்கிறேன். மழையைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லாத் தாளிலும் ‘முத்துப் போல மழைத்துளி’. முத்தை அவர்களில் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. சரி, கண்ணை மூடிக்கொண்டு தார்ப்பாயில் மழை விழுவதைக் கேளுங்கள், வேறு எந்தச் சத்தம் ஞாபகம் வருகிறது என்றேன். ஆறாவது படிக்கிற ஒருத்தி எழுதினாள்: ‘அம்மா எண்ணெயில் வடகம் போட்டது போல மழை.’ ஒரு பையன், ‘மழைநாள் லோக்கல் ரயில், பிழியாத துணி மூட்டை போல நாறுது’ என்று எழுதினான். மற்ற பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது, வாசித்த உடனே மூக்கில் ஏறுகிறது பார்! நன்னூல் 12 உவம உருபுகளைச் சொல்கிறது, பிள்ளைகளுக்குப் ‘போல’ ஒன்றே போதும், ஒரு கவிதைக்கு ஓர் உவமைக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

வினை, பயன், மெய், உரு என்று நான்கு வழியில் உவமை பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். அதாவது செயல், பலன், வடிவம், நிறம். பிள்ளைகள் வடிவத்திலும் நிறத்திலுமே நின்றுவிடுகிறார்கள், நிலா என்றால் தட்டு, கண் என்றால் மீன். செயலுக்கு வந்தால்தான் உவமைக்கு உயிர் வருகிறது என்பது என் எண்ணம். குறுந்தொகையில் வரும் ‘செம்புலப் பெயல்நீர்’ பாட்டையே எடுத்துக்கொள், செம்மண்ணில் விழுந்த மழை மண்ணின் நிறத்தை வாங்கிக்கொண்டு அப்புறம் பிரிக்கவே முடியாதபடி கலந்துவிடுகிறது, காதலர் இருவரின் நெஞ்சமும் கலந்ததற்கு அந்தக் கலத்தல்தான் அங்கே உவமை. பாடியவர் பெயர் தெரியாமல், அந்த உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கிறோம், ஓர் உவமைக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

இந்தப் பாட்டை அடுத்த வாரம் சொல்லித்தரப் போகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள் நம் ஊர்ச் செம்மண்ணைப் பார்த்ததில்லை. கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, நிறம் ஏறுவதை அவர்களே பார்க்கட்டும் என்று ஆசை. அந்தப் பக்கமிருந்து யாராவது பம்பாய்க்கு வந்தால் ஒரு பொட்டலம் கொடுத்துவிடு. கூடவே நீயும் நாலு வரி எழுதி அனுப்பு, பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உன் மாப்ளே