எந்த மூலக் கதை?

ஆசிரியருக்கு வணக்கம்.

தேவதைக் கதைகளை ஆளாளுக்கு மாற்றி எழுதிக் கெடுக்கிறார்கள், மூலத்தை மூலமாகவே விடக் கூடாதா என்று சென்ற இதழில் ஒரு வாசகர் ரொம்பவே வருத்தப்பட்டிருந்தார். எந்த மூலத்தைச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் புரியவில்லை.

சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையையே எடுத்துக்கொள்வோம். ஓநாய் பாட்டியை விழுங்கும், பேத்தியையும் விழுங்கும், வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கத்தரித்து இரண்டு பேரையும் உயிரோடு வெளியே எடுப்பார். நமக்கெல்லாம் தெரிந்த இந்தக் கதை ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்டது. அதற்கு நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே, 1697-இல், பாரிஸில் ஷார்ல் பெரோ இதை எழுதிவிட்டார். அவர் கதையில் வேட்டைக்காரரே கிடையாது. ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அவ்வளவுதான், கதை முடிந்தது. கடைசியில் ஒரு செய்யுள் மட்டும் வரும்: இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு வீடுவரை பின்னால் வருகிற சாதுவான ஓநாய்கள்தான் ரொம்ப ஆபத்தானவை, பெண்பிள்ளைகளே ஜாக்கிரதை என்று. இதில் இன்னொரு வேடிக்கை, கிரிம் சகோதரர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னது காஸெல் நகரத்தில் இருந்த, தாய்வழியில் பிரெஞ்சு வம்சாவளியில் வந்த ஒரு குடும்பத்துப் பெண்கள். ஜெர்மன் மண்ணின் கதை என்று நாம் நினைப்பதே பிரான்ஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததுதான்.

பிரான்ஸின் கிராமங்களில் சொல்லப்பட்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிவைக்கப்பட்ட ஒரு வாய்மொழிக் கதையும் இருக்கிறது. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். அதில் குல்லாய் கிடையாது. வழியில் வருவது ஓநாய் மனிதன். ஊசிப் பாதையில் போகிறாயா, குண்டூசிப் பாதையில் போகிறாயா என்று கேட்கும். பாட்டி வீட்டில் கட்டிலில் அதன் பக்கத்தில் படுத்த பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிகிறது. உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு வெளிக்குப் போகணும் என்கிறாள். இங்கேயே போய்க்கொள் என்கிறது அது. முடியாது, வெளியேதான் போவேன் என்று அடம்பிடிக்க, சரி என்று காலில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புகிறது. அவள் முற்றத்துக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து ஒரு ப்ளம் மரத்தில் கட்டிவிட்டு ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். காப்பாற்ற யாருமே வரவில்லை!

என் பேத்திக்கு ஆறு வயது. புத்தகக் கண்காட்சியில் வாங்கிய ஒரு படப் புத்தகத்தில், குழந்தைகள் பயந்துவிடக் கூடாதென்று ஓநாய் பாட்டியை விழுங்காமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவதாக மாற்றியிருந்தார்கள். படித்துக் காட்டிக்கொண்டே வந்தேன். "அப்போ ஓநாய்க்குப் பசிக்கலையா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. கடித வாசகரோடு நான் ஒத்துப்போகிற இடம் இதுதான், இப்படிப் பல்லைப் பிடுங்கிய ஓநாய்களை எனக்கும் பிடிக்காது. புத்தகத்தை மூடிவிட்டு அந்த பிரெஞ்சுக் கிராமத்துக் கதையைச் சொன்னேன். வெளிக்குப் போகணும் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். ப்ளம் மரம் என்றால் அவளுக்குத் தெரியாதே என்று நான் முருங்கை மரமாக மாற்றியிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு, "முருங்கை இழுத்தா ஒடிஞ்சிடும் பாட்டி, வேப்பமரம்னு சொல்லு" என்றாள். இப்போது அவள் தம்பிக்குச் சொல்லும்போது வேப்பமரம்தான்.

தெரிந்த கதையைக் கேட்கும்போது உள்ள சுகமே தனி. புதுக் கதையில் அடுத்து என்ன என்று தெரியாது, கதை சொல்கிறவர் இழுக்கிற பக்கம் நாமும் போகிறோம். தெரிந்த கதையில் எந்த இடத்தில் வழக்கமான வழியை விட்டுத் திரும்பப்போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பாட்டி வடை சுட்ட கதையில் காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிறதே, பழைய கதையைக் கேட்டிராத குழந்தைக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது? புதுசைச் சொல்ல வேண்டுமென்றால் பழசையும் ஒருமுறை சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. பழசு அப்படித்தானே பிழைத்துக் கிடக்கிறது. (அந்த வடையே கிரேக்கத்து ஈசாப்பின் பெயரில் வழங்கும் கதையில் பாலாடைக்கட்டி என்பது வேறு விஷயம்.)

சிண்ட்ரெல்லா சங்கதி இன்னும் மோசம். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பெரோ தந்தவை. கிரிம் கதையில் பூசணி இல்லை, தேவதை இல்லை, அம்மாவின் சமாதியில் வளர்ந்த ஒரு மரம்தான் உடை தருகிறது, அக்காமார் செருப்புக்குள் கால் நுழைய வேண்டுமென்று ஒருத்தி கட்டைவிரலையும் இன்னொருத்தி குதிகாலையும் வெட்டிக்கொள்கிறார்கள். சீனாவில் 9-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த கதையில் கேட்டதைத் தருவது ஒரு மீனின் எலும்புகள். 1893-இல் மரியன் காக்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி இந்தக் கதைக்கும் இதன் சொந்தக்காரக் கதைகளுக்குமாக 345 வடிவங்களைத் தொகுத்து வெளியிட்டார். இதில் எதை மூலம் என்று வைத்துக்கொள்வது?

கிரிம் சகோதரர்களே சும்மா இருக்கவில்லை. 1857 வரை ஏழு பதிப்புகள், ஒவ்வொன்றிலும் ஏதாவது திருத்தம். ஸ்நோ ஒயிட்டைக் கொல்லச் சொன்னது 1812-இல் பெற்ற தாய். 1819 பதிப்பில் அவளைச் சித்தியாக்கிவிட்டார்கள். அம்மாக்களின் பெயர் கெடக் கூடாது, சித்திகளின் தலையில் போடலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிரிம் கதையில் வேட்டைக்காரர் போன பிறகு இன்னொரு துண்டு இருக்கிறது, பெரும்பாலான புத்தகங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு நாள் இன்னொரு ஓநாய் வழிமறிக்கிறது. இந்த முறை சிறுமி நிற்காமல் நேரே பாட்டி வீட்டுக்குப் போய்விடுகிறாள். கதவு திறக்காததால் ஓநாய் கூரைமேல் ஏறிக் காத்திருக்கிறது. நேற்று சாசேஜ் வேகவைத்த தண்ணீரை வாசலில் இருக்கிற கல்தொட்டியில் ஊற்று என்கிறாள் பாட்டி. வாசனை மூக்கைத் துளைக்க, ஓநாய் கழுத்தை நீட்டி நீட்டி எட்டிப் பார்த்து, சறுக்கித் தொட்டிக்குள் விழுந்து சாகிறது. உங்கள் குழந்தைகள் பக்கத்தில் இதை ஒருமுறை போடுங்களேன். சாசேஜை என்னவாக மாற்றுவது என்பதை வீட்டுக்கு வீடு பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்