தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் நம்மவர்களின் பிரசாவுரிமைக் கோப்புகளை மேசைக்கு எடுங்கள்: மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

கௌரவ உறுப்பினர்களே,

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நாட்டற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் 975,000 பேரைப் பங்குபோட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. தோட்டத்து லயத்தில் இருந்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.

இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அவர்களில் இங்கே வசித்தவர்களுக்குப் பிரசாவுரிமை தந்தது. கலவரத்துக்குத் தப்பித் தமிழ்நாட்டு முகாம்களுக்குப் போனவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 2009 திருத்தம் வழி திறந்தது. இந்தியாவின் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையின் பெயரே இல்லை. அங்கே 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்று கருதப்பட்டால், பிறப்பால் குடியுரிமை கிடையாது. இங்கே பதியாவிட்டால் அந்தப் பிள்ளை இரண்டு நாட்டுக்கும் வெளியே.

தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க்கில் இதைப் பேச முடியாது. இருதரப்பு விடயங்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் அதன் சாசனத்தின் 10ஆம் உறுப்புரையே விலக்கிவைக்கிறது. எஞ்சியிருப்பது பாராளுமன்றங்களுக்கிடையிலான உறவு. இலங்கை–இந்தியப் பாராளுமன்ற நட்புறவுச் சங்கத்தை விருந்துபசாரத்தோடு முடித்துவிடாதீர்கள்.

பிரசாவுரிமை விண்ணப்பக் கோப்பு எங்கே தடைப்பட்டு நிற்கிறது என்பதையும் பாருங்கள். தோட்டத்துப் பிறப்பத்தாட்சிப்பத்திரத்தில் ‘ராமாய்’, முகாமின் குடும்ப அட்டையில் ‘இராமாயி’. இங்கே தகப்பன் பெயர் முழுதாக, அங்கே ஒற்றை இனிஷல். விண்ணப்பம் திரும்பிவர அவ்வளவே போதும். திருத்த வேண்டுமானால் சத்தியக் கடதாசியோடு பதிவாளரிடம் போக வேண்டும், ஆனால் ஆள் இருப்பது கடலுக்கு அப்பால். பிறப்பே பதியப்படாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவு தேவை. அதற்குத் தோட்டத்துப் பழைய பேரேடு வேண்டும். தோட்டம் கைமாறிய இடங்களில் அதைத் தேடி எடுப்பதே பெரும்பாடு.

ஆகவே முதலில் சபையில் வாய்மூல வினா கொடுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். 2009 முதல் ஆண்டுவாரியாக எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது, எத்தனை திருப்பப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன என்று பிரித்துக் கேளுங்கள். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு நட்புறவுச் சங்கத்தில் இந்திய உறுப்பினர்களோடு உட்காருங்கள். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்டாயம் அங்கே இருக்க வேண்டும், ஏனென்றால் முகாம்களை நடத்துவது மாநில அரசு. அதன் சம்மதமில்லாமல் சென்னையிலுள்ள நமது பிரதி உயர்ஸ்தானிகராலயம் முகாமுக்குள் நடமாடும் சேவை வைக்க முடியாது. அந்தச் சேவைக்குப் பதிவாளர் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரும் போனால் பெயர்த் திருத்தத்துக்கான சத்தியக் கடதாசியை அங்கேயே முடிக்கலாம்.

தூதுக்குழுவில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சிங்கள உறுப்பினர்கள் எல்லாரும் இருக்கட்டும். பாராளுமன்றம் கலைந்தால் சங்கமும் கலையும், புதிதாக வருபவர்கள் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார்கள். அதனால் ஒவ்வொரு கூட்டத்தின் இணக்கத்தையும் எழுத்தில் எடுத்து, சபையில் சமர்ப்பித்து, சபை நடவடிக்கைகளின் பதிவான ஹன்சார்டில் ஏற்றிவிடுங்கள்.

யார் எந்த நாட்டில் இருக்க விரும்புகிறார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். கணவன் மனைவிக்குள் விருப்பம் வேறாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். இவ்வளவு பேர் உங்களுக்கு, இவ்வளவு பேர் எங்களுக்கு என்ற பேரம் மறுபடி மேசைக்கு வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையகத்தில் பிரசாவுரிமை ஆவணங்களோடு வேலை செய்பவர்கள்
ஹட்டன்