அழுக்கைத் துடைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாடல் கண்காட்சிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் சென்ற மாதம் நீங்கள் நடத்திய கண்காட்சியின் லாரிகள் பிரிவில், 1:24 அளவில், அதாவது அசலில் 24இல் ஒரு பங்காக, ஒரு போர்வெல் ரிக் வண்டியின் மாடலை வைத்திருந்தவன் நான். முதல் நாள் மாலை உங்கள் தன்னார்வலர் ஒருவர் அதை அழுக்கென்று துடைத்துவிட்டது உங்களுக்குத் தெரியும் என்பதால், முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. மதிப்பெண் தாளில் இருக்கும் ‘தூய்மை’ என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள், செய்தவரைக் கேட்காமல் எந்த மாடல் மீதும் துணியை வைக்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டத்தில் நடுவர் எனக்கு 10க்கு 2 போட்டு, ‘பெயின்ட் அழுக்காக உள்ளது’ என்று குறிப்பும் எழுதியிருந்தார். உழைத்த வண்டிபோல் தெரிய வேண்டும் என்று நானே பூசிய அந்த அழுக்கை வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

எனாமல் வாஷ் என்பது நிறத்தூளை மிக நீர்க்கக் கரைத்த ஒரு எண்ணெய்ப் பூச்சு என்பதும், அதை எடுத்து அப்படியே பூசிவிட முடியாது என்பதும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அடியில் அக்ரிலிக் பெயின்ட் நன்றாகக் காய்ந்து, அதன்மேல் பளபளப்பு வார்னிஷ் ஏறியிருந்தால்தான், தூரிகை நுனியால் ஒரு சொட்டு வைத்ததும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் வாஷ் தானாகவே ஓடிக் கதவு இடுக்கிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் தங்கும். கால் மணி, அரை மணி பொறுத்து, வொயிட் ஸ்பிரிட்டில் லேசாக நனைத்துப் பிழிந்த தூரிகையால் மிச்சத்தை மேலிருந்து கீழாக இழுத்தால், மழை நீர் ஒழுகிய தடம் கிடைக்கும். பிறகு ஒரு முழு நாள் காய வேண்டும். வீட்டுக்குள் வாசம் ஆகாது என்று மொட்டை மாடிக்கு அனுப்பப்பட்டவன் நான். அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூசியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டும் என்பதால், ஒவ்வொரு இரவும் வண்டியின் மீது ஒரு பெரிய போசியைக் கவிழ்த்துவிட்டுத்தான் படுத்தேன். என் வண்டியில் அசல் தூசி ஒரு துளியும் இருந்ததில்லை என்பதை நடுவர் அவர்களின் கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருகிறேன்.

எனாமல் வாஷ், காய்ந்த அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது; அதனால்தான் பிடிக்காத இடத்தில் துடைத்துவிட்டு மறுபடி வைக்க முடிகிறது. ஆல்கஹால் அப்படியல்ல, அக்ரிலிக்கையே கரைத்துவிடும். உங்கள் தன்னார்வலர் எடுத்தது பதிவு மேசையில் இருந்த சானிடைசர். மேலே இருந்த பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், வாஷ், அடிப் பெயின்ட் மூன்றும் சேர்ந்து துணியோடு வந்துவிட்டன. வலக்கதவின் மூலையில் முதல் பூச்சான பிரைமரின் சாம்பல் நிறம் பல்லிளித்தது. கண்ணாடிக்கு மேலே ஒற்றை மயிர்த் தூரிகையால் நான் எழுதியிருந்த ‘அர்த்தநாரீஸ்வரர் துணை’யில் ‘ஸ்வரர் துணை’ மட்டும் மிஞ்சியது. “அண்ணா, ஒரே அழுக்கா இருந்துச்சுங்க, ஆருமே தொடைக்கலீங்களேன்னு நானே தொடைச்சு வெச்சுட்டனுங்க” என்று அந்தப் பையன் சிரித்த முகத்தோடு சொன்னான். அவன் மேல் எனக்குக் கோபமே இல்லை. மேசையில் கிடந்த மதிப்பெண் தாளைப் படித்து அதன்படி நடந்தான்; உங்கள் விதியை அவனைப்போல் முழு மனதோடு கடைப்பிடித்தவர் வேறு எவரும் இல்லை. மறுநாள் வந்த சிறப்பு விருந்தினரும் ‘புது வண்டி மாதிரியே இருக்கிறது’ என்று பாராட்டிவிட்டுப் போனார்.

புது வண்டி செய்வது என் நோக்கமாக இருந்திருந்தால் மூன்று நாளில் முடித்திருப்பேன். திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டியைப் பார்க்காதவர் உங்கள் குழுவில் எவரும் இருக்க முடியாது. ஆயிரம் அடி தாண்டியும் பாறையைக் குடைகிற வண்டி அது. தண்ணீர் தட்டும்வரை மாவுபோல் கல்தூள் பறந்து சக்கரம், சேஸிஸ் எல்லாம் வெளுத்துக் கிடக்கும். தண்ணீர் வந்த பிறகு அதே தூள் குழம்பாகிக் கீழ்ப்பாதி முழுவதும் அப்பிக் காயும். துளையிடும் கோபுரமான மாஸ்டில் கிரீஸ் கறுத்திருக்கும், ஜாக்கிகளைச் சுற்றி ஹைட்ராலிக் ஆயில் கசிந்திருக்கும். துளைக்குள் இறக்கும் உண்மையான 20 அடி ராடு என் அளவில் சரியாக 10 அங்குலம்; ஒவ்வொரு ராடின் மரையிலும் கறுப்பு வாஷை ஓட விட்டிருந்தேன். இவை இல்லையென்றால் அது பொம்மைக் கடை லாரி.

எல்லா வாஷும் நல்ல வாஷ் என்று நான் வாதாட வரவில்லை. உடம்பு முழுவதும் ஒரே பழுப்பை ஊற்றிவிட்டு வெதரிங் (வெயில், மழை, உழைப்பின் தடங்களைப் பெயின்டில் காட்டுவது) என்று சொல்பவர்களுக்குத் தாராளமாக மதிப்பெண்ணைக் குறையுங்கள். நீர் தேங்கும் இடத்தில் துரு இருக்கிறதா, டீசல் கறை டாங்க் மூடிக்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். என் இடப்பக்க மட்கார்டில் ஒரு தடம் பக்கவாட்டில் ஓடியிருந்தது; நீர் அப்படி ஓடாது. அதற்காக ஒரு மதிப்பெண் போயிருந்தால் தலைகுனிந்து வாங்கியிருப்பேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை.

பழையது எதைக் கண்டாலும் நமக்குக் கை அரிக்கிறது. சுண்ணாம்பை உரிக்கிறோம் என்று கோயில் தூண்களில் மணலைப் பீய்ச்சி, சிற்பத்தின் மூக்கு முழியையும் சேர்த்து உரித்தவர்கள்தானே நாம். ஒரு பிளாஸ்டிக் லாரி எம்மாத்திரம்? அடுத்த ஆண்டு கண்காட்சிக்குச் சர்வீஸ் ஸ்டேஷன் என்றே பெயர் வைத்துவிடலாம், நாங்களும் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்போம்.

வரம்பு மீறிவிட்டேன், பொறுத்தருளுங்கள். நான் இழப்பீடு கேட்கவில்லை, மதிப்பெண்ணைத் திருத்தவும் கேட்கவில்லை. ‘தூய்மை’ என்ற கட்டத்தை நீக்கி, அந்த இடத்தில் ‘வெதரிங்’ என்று எழுதி, வாஷ் கையாளத் தெரிந்த ஒருவரை அதற்கு நடுவராக உட்கார வையுங்கள். மேசைகளில் ‘தொடாதீர்கள்’ என்று பார்வையாளர்களுக்கு வைத்திருக்கும் அட்டை தன்னார்வலர்களுக்கும் பொருந்தும் என்று அறிவியுங்கள். இவ்வளவுதான் என் வேண்டுகோள்.

வண்டியைப் பிரைமர் வரை உரித்து, மறுபடி பெயின்ட் அடித்து, பளபளப்பு வார்னிஷோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த ஆண்டு விதிமுறைத் தாளை நீங்கள் வெளியிட்ட பிறகுதான் வாஷ் பாட்டிலைத் திறப்பேன்.

இப்படிக்கு,
ரிக் வண்டிக்காரன்