பின்லாந்தின் தொல்லிடங்கள் நூலுக்கு இன்னும் 5,120 யூரோ தேவை

உ

அன்புடையீர், வணக்கம்.

பின்லாந்தின் தொல்லிடங்களுக்குப் போய் நீர்வண்ணத்தில் ஓவியம் தீட்டி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்பும் எழுதி வைத்திருக்கும் நம் ஓவியர் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். தம் பெயரை இந்த வேண்டுகோளில் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அக்கா என்றே எழுதுகிறோம். அந்த ஓவியங்களையும் குறிப்புகளையும் தமிழிலும் பின்னிஷ் மொழியிலும் ஒரே நூலாகக் கொண்டுவரும் வேலையில் 5,120 யூரோ குறைகிறது. டிசம்பர் 14 கடைசி நாள்.

இந்தத் திகதியை உங்களை விரட்டுவதற்காக நாங்கள் வைக்கவில்லை. எங்களைப் போன்ற சிறு குழு பொதுமக்களிடம் பணம் சேர்ப்பதானால் முன்கூட்டியே காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் சேர்க்க முடியாது, 10,000 யூரோவைத் தாண்டவும் முடியாது. செப்டம்பர் நடுவில் தொடங்கினோம், காலம் கரைந்துவிட்டது. கெடு முடிந்த மறுநாள் அச்சகத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் நமக்கு ஒதுக்கிய அச்சு நாட்கள் வேறு யாருக்கோ போய்விடும். பெப்ரவரி 28, பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவின் நாளன்று வெளியிடலாம் என்ற எண்ணத்தையும் அதோடு மறந்துவிட வேண்டியதுதான்.

இனி வரலாறு. குழுவின் மூத்தவர்கள் இருவர் இந்தப் பகுதியைப் பல பக்கங்களுக்கு எழுதித் தந்தார்கள். சுருக்கியதில் ஒருவருக்கு இன்னும் கோபம் தணியவில்லை. அவர்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்றவற்றை மட்டும் சொல்கிறோம். 1835இல் எலியாஸ் லொன்ரோத் முதலில் வெளியிட்டு, 1849இல் 50 பாடல்களும் 22,795 அடிகளுமாக விரித்த கலேவலா காவியத்தை முழுமையாகத் தமிழ்ச் செய்யுளில் தந்தவர் இந்நாட்டில் நம்மோடு வாழ்ந்த உதயணன் என்கிற ஆர். சிவலிங்கம். ஆண்டு 1994. நம்மில் பாதிப் பேர் கடையில் உப்புக் கேட்கக்கூடப் பின்னிஷ் தெரியாமல் கையைக் காட்டி நின்ற காலம் அது. அந்தக் காலத்தில் ஒருவர் தனி மனிதராக உட்கார்ந்து ஒரு நாட்டின் காவியத்தையே தமிழாக்கினார். அதற்கு அறிமுகம் எழுதிய பேராசிரியர் அஸ்கோ பார்ப்போலா சிந்துவெளி எழுத்தின் பின்னால் இருப்பது திராவிட மொழி என்ற கருத்தை ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர். 2010இல் கோயம்புத்தூரில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான செம்மொழித் தமிழ் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது, இங்கே நம் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் கைதட்டினோம்.

கைதட்டியதோடு சரி. பின்லாந்தின் ஃபோர்ஸாவில் பிறந்த ஒருவர் நம் மொழியின் வேரைத் தேடிப் போனார். அவர் பிறந்த மண்ணின் பழமையை அறிய நாம் எவ்வளவு தூரம் போனோம்? பின்லாந்தில் கண்டறியப்பட்ட முதல் பாறை ஓவியம் கிர்க்கொனும்மியில், வித்ரெஸ்க் ஏரிக்கரையில் இருக்கிறது. 1911இல் அதைக் கண்டு சொன்னவர் இசையமைப்பாளர் ஜான் சிபெலியஸ். எஸ்போவிலிருந்து காரில் சிறிது நேரம்தான். அங்கே போன தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே சாலையில் மரச்சாமான் கடைக்கு எல்லோரும் போயிருக்கிறோம்.

அக்கா போனார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, விடுமுறை நாட்களில் பஸ், ரயில், முதுகுப்பையில் வண்ணப்பெட்டி. இந்த ஆர்வம் அவருக்கு அந்த இல்லத்தில்தான் பிறந்தது. சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கரேலியாவிலிருந்து போர்க்காலத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு, நிலம் விட்டு வந்தார்கள். அப்போது குழந்தைகளாக வந்த சிலர் இப்போது அந்த இல்லத்துக் கட்டில்களில் படுத்திருக்கிறார்கள். வீபுரி நகரத்துத் தெருக்களையும் விட்டு வந்த மாட்டையும் பற்றி இரவில் பேசுகிறவர்களுக்கு, இடம்பெயர்ந்து வந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நூலின் முதல் கட்டுரை அந்த்ரேயா வலையைப் பற்றியது. 1913இல் கரேலியாவின் அந்த்ரேயாவில் ஒரு விவசாயி ஈர நிலத்தில் வாய்க்கால் வெட்டும்போது, வில்லோ மரப்பட்டை நாரில் பின்னிய மீன்வலையின் எச்சங்கள் கிடைத்தன. கல் எடைகளும் பைன் பட்டை மிதவைகளும்கூட இருந்தன. பத்தாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. உலகில் கிடைத்த மிகப் பழைய மீன்வலைகளில் ஒன்று. வலை ஹெல்சின்கி தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அது கிடைத்த ஊர் இன்று எல்லைக்கு அப்பால், ரஷ்யாவில். தூக்கி வர முடிந்ததையும் முடியாததையும் பற்றி அக்கா அந்த இடத்தில் எழுதியிருக்கும் இரண்டு பக்கங்களைக் குழுவில் வாசித்தபோது, வழக்கமாக எல்லாவற்றுக்கும் குறுக்கே பேசும் எங்கள் பொருளாளர் ஒன்றும் பேசவில்லை.

அடுத்தது அஸ்துவன்சல்மி. மிக்கேலிக்கு அருகே, சைமா ஏரியிலிருந்து செங்குத்தாக எழும் பாறை. தள்ளி நின்று பார்த்தால் பாறைக்கு மனித முகம் இருக்கிறது. 1968இல் தொல்லியலாளர் பெக்கா சர்வாஸ் இதை உலகுக்குச் சொன்னார். காட்டெருமான்கள் (எல்க் என்ற பெரிய மான்கள்), படகுகள், கை அடையாளங்கள், வில் ஏந்திய ஒரு பெண், எல்லாம் செங்காவியில். பாறையில் கசியும் நீர் மெல்லிய சிலிக்காப் படலமாகப் படிந்து அந்த வண்ணத்தை ஐயாயிரம் ஆண்டு வாக்கில் காப்பாற்றியிருக்கிறது. பாறையடி நீரிலிருந்து, அம்பர் என்ற கல்லாய் இறுகிய மரப்பிசினில் செதுக்கிய சிறு மனித உருவங்களும் எடுக்கப்பட்டன. அன்று ஏரியின் மட்டம் உயரமாக இருந்ததால், இன்று எட்டாத உயரத்தில் இருப்பவையே பழையவை என்று ஆய்வாளர் கணிக்கிறார்கள்.

ஆனால் அக்காவின் கேள்வி வேறு. தீட்டியவன் எங்கே நின்றான்? கோடையில் படகில் நின்றிருந்தால் கை ஆடியிருக்கும். குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் நின்றிருந்தால் வண்ணம் உறைந்திருக்கும், விரலும் உறைந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ள அவர் படகில் நின்றபடியே ஓர் எருமானைத் தீட்டிப் பார்த்தார். கோடு நடுங்கித்தான் வந்திருக்கிறது. அந்தப் படம் நூலில் வேண்டாம் என்றோம். அதுதான் முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று அவர் நின்றார். வருகிறது.

ரௌமாவுக்கு அருகிலுள்ள சம்மல்லஹ்தென்மாகியில் வெண்கலக் காலத்துக் கல்லறைக் குவியல்கள் 36 இருக்கின்றன. 1999 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கட்டியபோது அங்கே கடல் தெரிந்தது. பனியுகத்துப் பனியின் பாரம் நீங்கிய நிலம் இன்றும் மெல்ல உயர்ந்துகொண்டே இருப்பதால் கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. இப்போது சுற்றிலும் பைன் காடு. கடலைப் பார்ப்பதற்காக மேட்டில் கிடத்தப்பட்டவர்களுக்குக் கடல் இல்லை. இந்த ஓவியத்தில் அக்கா மரங்களுக்கு இடையே ஒரு கீற்று நீலத்தை வைத்திருக்கிறார். அது அங்கே இல்லாதது என்று தொல்லியல் படித்த நண்பர் ஒருவர் ஆட்சேபித்தார். ஓவியருக்கு அந்த உரிமை உண்டு என்பது எங்கள் தீர்ப்பு.

அவசரத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதுதான் எங்களைத் தூங்கவிடாமல் செய்வது. ஓவியங்கள் எல்லாம் அக்காவின் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலவறை அறையில் அட்டைப் பெட்டிகளில் இருந்தன. போன குளிர்காலத்தில் அங்கே ஒரு நீர்க்குழாய் வெடித்தது. நான்கு ஓவியங்கள் போயே போய்விட்டன. சிலவற்றின் ஓரம் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மிச்சம் எங்கள் வீடுகளில் கட்டில்களுக்கு அடியில் பிரிந்து கிடக்கிறது. அக்செலி கல்லென்-கல்லெலாவின் கதை தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று புரியும். கலேவலாவுக்கு முகம் கொடுத்த அந்த ஓவியர், கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் நியூ மெக்சிகோவுக்கும் போய் வாழ்ந்து பார்த்தவர். போரி நகரில், பதினொரு வயதில் இறந்த சிக்ரித் யுசேலியஸ் என்ற சிறுமியின் நினைவு மண்டபத்தில் அவர் 1901 முதல் 1903 வரை தீட்டிய சுவரோவியங்களை ஈரம் தின்றுவிட்டது. 1930களில் அவர் மகன் யோர்மா தந்தையின் முன்வரைவுகளைப் பார்த்து மீண்டும் தீட்டினார். முன்வரைவுகள் பிழைத்திருந்ததால் அது முடிந்தது. நம்மிடம் இருப்பது ஒற்றைப் பிரதி. எனவே அச்சுக்கு முன்பே ஓவியங்கள் அனைத்தும் உயர்தரத்தில் ஸ்கேன் செய்யப்படும்.

கணக்கு இது. ஸ்கேன் 1,150 யூரோ. பின்னிஷ் மொழிபெயர்ப்பு 2,400. இது சலுகைக் கட்டணம், இதற்கு மேலும் குறைக்கச் சொல்லிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. வடிவமைப்பு 1,300. 700 பிரதிகள் வண்ணத்தில், கெட்டி அட்டையில் அச்சிட 7,100. நூலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் இலவசமாக அனுப்பும் செலவு 550. மொத்தம் 12,500. குழுவினர் ஒன்பது பேரும் சொந்தக் கையிலிருந்து போட்டது 3,100. உங்களிடமிருந்து இதுவரை வந்தது 4,280. மிகுதியைத்தான் தலைப்பில் எழுதியிருக்கிறோம். கருப்பு வெள்ளையில் அச்சிட்டால் பாதிச் செலவு என்று ஆலோசனை சொன்னவர்களுக்கு நன்றி. செங்காவி ஓவியத்தைக் கருப்பு வெள்ளையில் போடுவதற்கு நூல் போடாமலே இருக்கலாம்.

தந்தவர்கள் 61 பேர். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் நாள் முதல் ஆளாக 100 யூரோ அனுப்பியவர் வந்தாவில் அதிகாலையில் பத்திரிகை போடும் தம்பி. தம்பரே மருத்துவமனைத் தாதியர் மூவர் சேர்ந்து 300 தந்தார்கள். இரவுக் கடமைக் கொடுப்பனவு என்று சிரித்தார்கள். துர்க்குவில் ஓய்வூதியத்தில் வாழும் அம்மா ஒருவர், தம் கணவரின் நினைவு நாளில் அன்னதானத்துக்கு வைத்திருந்ததை இரண்டாகப் பிரித்துப் பாதியை இங்கே அனுப்பினார். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துத் தந்தது 84 யூரோ 60 சதம். அந்த அறுபது சதம் தனியாகச் சுற்றிய ஒரு சிறு பொட்டலத்தில் இருந்தது. அஸ்துவன்சல்மிக்குப் படகில் அழைத்துப் போன முதியவர் எரிபொருளுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பிறகு இந்தச் சேகரிப்புக்கும் 50 யூரோ போட்டார். பின்னிஷ் பகுதியை வரி வரியாகத் திருத்தித் தருபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கூலி என்று அவர் கேட்டது பருத்தித்துறை வடை. எல்லோருக்கும் இறைவன் நீண்ட ஆயுளும் நலமும் அருளட்டும். விரும்பியவர்களின் பெயர்கள் நூலின் கடைசிப் பக்கங்களில் வரும்.

சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறோம். அந்த 61 பேரில் 19 பேர் பின்லாந்துக்காரர்கள். பொங்கல் விழாவுக்கு வருகிற நம்மவர் எத்தனை பேர் என்பது, அன்று சாப்பாட்டு மேசைக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்குத் தெரியும்.

கோயிலுக்கு என்றால் தருவோம், புத்தகத்துக்கு எதற்கு என்று சிலர் நேரிலேயே கேட்டார்கள். கோயிலுக்குத் தருபவரைத் தடுக்க நாங்கள் யார்? கலைமகளுக்குச் செய்வதும் திருப்பணிதான் என்று மட்டும் சொல்கிறோம். நூலில் பெதாயாவெசி பழைய தேவாலயத்தின் ஓவியம் இருக்கிறது. 1763 முதல் 1765 வரை, யாக்கோ லெப்பனென் என்ற நாட்டுப்புறத் தச்சர் தலைமையில், ஊர் விவசாயிகள் தாங்களே பைன் மரம் வெட்டிக் கட்டியது. சுவீடன் மன்னரின் அனுமதி வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. 1821இல் மணிக்கோபுரத்தைக் கட்டியவர் அதே தச்சரின் பேரன் எர்க்கி. 1994இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. பணக்காரர் ஒருவரும் அந்த ஊரில் இல்லை. ஆளுக்கொரு மரம் தந்தார்களா, அரை மரம் தந்தார்களா என்று நமக்குத் தெரியாது, கூரை ஏறியது.

நமக்கு ஆளுக்கு 40 யூரோ என்றால் 128 பேர் போதும். இந்நாட்டில் 128 தமிழ் வீடுகள் இல்லையா? பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள், சம்பளம் இங்கே வருகிறது, மகப்பேறு முதல் மூட்டு அறுவை வரை இந்த மண்தான் பார்த்துக்கொள்கிறது. அதன் பழங்கதையைத் தமிழில் ஒருமுறை அச்சேற்றுவது உதவி என்ற கணக்கில் வராது, கடன் என்ற கணக்கில்தான் வரும்.

குழுவின் வங்கிக் கணக்கு இலக்கமும் காவல் துறை தந்த சேகரிப்பு இலக்கமும் உங்கள் நகரத் தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளரிடம் இருக்கின்றன. பணம் அனுப்பும்போது செய்திப் பகுதியில் பெயரும் ஊரும் எழுதுங்கள். நன்கொடைக்கு ஈடாக நூல் தர முடியாது, தந்தால் அது விற்பனை ஆகிவிடும். நூல் வெளிவந்த பிறகு தனியே வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர் 6, சுதந்திர தின விடுமுறை அன்று பிற்பகல், தமிழ்ப் பள்ளி மண்டபத்தில் பிழைத்த ஓவியங்கள் அனைத்தையும் வைக்கிறோம். அக்கா இருப்பார், தேநீர் இருக்கும், காசாகத் தருபவர்களுக்குப் பொருளாளர் கையோடு பற்றுச்சீட்டு எழுதித் தருவார். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். 14ஆம் திகதி நள்ளிரவுக்குப் பிறகு வரும் பணத்தை இந்தச் சேகரிப்பில் சேர்க்க முடியாது. நாளைக்கு அனுப்பலாம் என்று நினைப்பவர்கள் இன்றே அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
நூல் வெளியீட்டுக் குழுவினர்