பொங்கலுக்கு வரும் மகளுக்கு: பாலும் கறியும் இல்லாத நம் வீட்டுச் சமையல்

அன்புள்ள அம்மிணி,

பொங்கல் விடுமுறையில் ஒரு நாள் நீயே சமைத்து, பாலும் நெய்யும் கறியும் முட்டையும் சேராத சாப்பாட்டை வீட்டில் எல்லோருக்கும் பரிமாற வேண்டும் என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். நீ வீகன் ஆனதிலிருந்து, நீ வந்துபோகும் நாள்களை மனத்தில் வைத்து நானும் சிலவற்றைச் சமைத்துப் பார்த்து வருகிறேன். அவற்றில் எது இந்த வீட்டில் எடுபட்டது, எது தட்டிலேயே மிஞ்சியது என்பதையெல்லாம் தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நம் வீட்டில் உனக்குக் குறுக்கே நிற்கப்போவது ஆட்டுக்கறி இல்லை, தயிர்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள் என்று 2014ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பு ஒன்று சொல்கிறது. ஆனால் அந்த 97 பேரும் நம்மைப் போலப் பெரும்பாலான வேளைகளில் குழம்பும் ரசமும்தான் சாப்பிடுகிறார்கள். புரட்டாசி முழுவதும் நாம் கறி எடுப்பதில்லை. அமாவாசை, கிருத்திகை, வெள்ளிக்கிழமை என்று உன் அப்பா முணுமுணுக்காமல் சைவம் சாப்பிடும் நாள்கள் ஏராளம். அதே மனிதர், கடைசிச் சோற்றுக்குத் தயிர் இல்லையென்றால் சாப்பிட்டு முடித்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஈடாக எதை வைப்பது என்று நீ யோசிப்பதை விட, கறியை யாரும் எதிர்பார்க்காத ஒரு நாளில், ஏற்கெனவே பிடித்த ருசிகளை வைத்து, பாலை மட்டும் தெரியாமல் விலக்குவதுதான் நடக்கிற காரியம்.

இதில் பாதி வேலையை உன் ஆத்தாவின் சமையலே செய்துவைத்திருக்கிறது. கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு, பச்சைப்பயறு கடைசல், செலவு ரசம், தேங்காய்ப் பால் ஊற்றிய சந்தகை ஆகிய எதிலும் பால் பொருள் கிடையாது. அரிசிம்பருப்புச் சோற்றில் மேலே விடுகிற நெய்யை நிறுத்தி, இறக்கும்போது செக்கு நல்லெண்ணெய் ஒரு கரண்டி விட்டால் போதும். ஆத்தாவே அதைக் குறை சொல்லவில்லை, குறை சொல்லுவதில் அவருக்கு இருக்கும் ஆர்வம் உனக்குத் தெரியும்.

இனி, கறி ருசி வேண்டும் என்கிற உன் தம்பிக்கு வருகிறேன். அவனுக்குப் பள்ளிபாளையம் வறுவலைக் காளானில் செய். பள்ளிபாளையம் சிக்கனில் மசாலாப் பொடி என்று பெரிதாக எதுவும் கிடையாது. வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், பல்லுப்பல்லாகக் கீறிய தேங்காய், தாராளமான எண்ணெய், அவ்வளவுதான். ருசி முழுவதும் எண்ணெயில் பொரிந்த மிளகாயிலும் அந்தத் தேங்காயிலும் இருக்கிறது. கோழியில் செய்யும்போதும் உன் தம்பி சட்டியைத் துழாவித் தேங்காய்ப் பல்லைத்தான் முதலில் பொறுக்குவான் என்பதை நீ கவனித்திருப்பாய்.

காளானில் செய்வதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. அதன் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கோழியைப் போடுவது போல வெங்காயத்தோடு சேர்த்துப் போட்டால் தண்ணீர் விட்டு, வறுவல் அவியலாகிவிடும். அகலமான இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயோ உப்போ இல்லாமல், காளானைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, விடுகிற தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கும் வரை வதக்கித் தனியே எடுத்துவை. பிறகு கடலை எண்ணெயில் விதை தட்டிய மிளகாயைக் கருகாமல் பொரித்து, சின்ன வெங்காயத்தையும் தேங்காயையும் வதக்கி, காளானைக் கடைசியில் சேர்த்து, இறக்கும் முன்பு உப்புப் போடு. காளானை நறுக்கும்போது பெரிதாகவே நறுக்கு, வதங்கிப் பாதியாகிவிடும்.

மீல் மேக்கரைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வது அது. காய்ந்த எடையில் பாதியளவு புரதம் என்பதால் சத்தில் குறை சொல்ல முடியாது. உப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மறுபடியும் பிழிந்தால் பச்சை வாடையும் பெரும்பாலும் போய்விடும். மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, கசகசா, கல்பாசி என்று வறுத்தரைத்து நம் கறிக்குழம்பு மசாலாவிலேயே போட்டுப் பார்த்தேன். குழம்பைத் தோசைக்கு ஊற்றி எல்லோரும் சாப்பிட்டார்கள், துண்டுகளை ஒதுக்கிவிட்டார்கள். கறித் துண்டின் உருவத்தில் ஒன்றைக் கறிக்குழம்பில் போட்டால், வாயில் வைப்பவர் அதைக் கறியோடு ஒப்பிடாமல் இருக்க மாட்டார். உறைபதனப் பெட்டியில் வைத்து ‘மட்டன்’ என்ற பெயரிலேயே விற்கிற விலை உயர்ந்த பண்டங்களுக்கும் இதே கதிதான். அந்த மசாலாவில் பலாப்பிஞ்சைப் போடு, கிடைக்காவிட்டால் சேனைக்கிழங்கு. சேனையைப் புளித் தண்ணீரில் வேகவைத்தால் தொண்டை அரிக்காது. கோலா உருண்டை இன்னும் எளிது. கறிக் கோலாவிலும் உருண்டை பிரியாமல் பிடித்து நிறுத்துவது பொட்டுக்கடலை மாவுதான் என்பதால், கொத்துக்கறிக்குப் பதில் வாழைப்பூவை அரைத்துச் சேர்த்தால் முட்டைக்கு வேலையே இல்லை.

தயிர் விஷயத்தில் நிலக்கடலைத் தயிர் கைகொடுத்தது, ஓர் எல்லை வரை. கடலையை இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, தோல் நீக்கி அரைத்து வடிகட்டிய பாலைச் சற்றுக் கெட்டியாகும் வரை காய்ச்சி, இளஞ்சூட்டில் பச்சை மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் புளிப்போடு உறைகிறது. காய்ச்சாமல் வைத்தால் நீர் தனியாகப் பிரிந்து நிற்கும். ஆனால் கடலை மணம் முழுவதும் போகாது; வெறும் சோற்றில் பிசைந்து கொடுத்தால் உன் அப்பா ஒரு வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். தேங்காய், சீரகம், இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்துவிட்டு வெண்டைக்காய் போட்ட மோர்க்குழம்பாக வைத்தால் அவருக்குத் தெரிவதில்லை. அன்று அவருக்குக் கடைசிச் சோற்றை ரசத்தோடு முடித்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. பிரியாணி செய்வதாக இருந்தால் தயிரைத் தேடாதே. கறியை மிருதுவாக்குவதற்குத்தான் அது பெரிதும் வேண்டும், காய்க்கு வேண்டாம். புளிப்புக்கு எலுமிச்சை போதும், சீரகச் சம்பாவோடு தேங்காய்ப் பால் நன்றாகவே சேரும். பாசிப்பருப்புப் பாயசத்துக்கு நாம் என்றைக்கும் தேங்காய்ப் பால்தான், ஏனென்றால் வெல்லத்தோடு கொதிக்கும்போது மாட்டுப் பால் திரிந்துவிடும். முதல் பாலை மட்டும் இறக்கிய பிறகு சேர். அப்பாவின் காப்பியில் கைவைக்காதே. உனக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி வைத்துத் தருகிறேன்.

கடையில் வாங்குகிறவற்றில் பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதை உன்னிடமிருந்துதான் கற்றேன். பால் பொருளுக்கும் அதே புள்ளிதான். 2022இல் வந்த விதிகளின்படி வீகன் பண்டங்களுக்குத் தனி முத்திரை உண்டு என்றாலும், நம் மளிகைக் கடையில் அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆத்தாவின் கவலை வேறு. பால் குடிக்காத பெண்ணுக்கு எலும்பில் என்ன இருக்கும் என்று கேட்பார். நூறு கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, அதே எடைப் பாலில் சுமார் 120தான் என்று சொல்; ராகியில் இருப்பது முழுவதும் உடலில் சேராது என்பதால் முளைகட்டி அரைப்பது நல்லது என்பதையும் சேர்த்துச் சொல். எள்ளுருண்டை செய்து கொடுத்தால் பேச்சு அதோடு நின்றுவிடும். பி12 மட்டும் தாவர உணவிலிருந்து நம்பும்படியாகக் கிடைக்காது. அதற்கு மருத்துவர் சொன்ன மாத்திரையை நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் என் கவலை. அதை ஆத்தா கண்முன்னாலேயே சாப்பிடு.

நானும் கறியை விட்டுவிடுவேன் என்று எதிர்பார்க்காதே. கரிநாளன்று நம் வீட்டில் வழக்கம்போலக் குழம்பு கொதிக்கும். மாசியில் குலதெய்வக் கோயிலில் கிடா விருந்தும் நடக்கும். கறிச்சட்டியும் கரண்டியும் நம் வீட்டில் எப்போதும் தனி என்பதால் பாத்திரத்தைப் பற்றி உனக்குச் சங்கடம் வேண்டாம். தட்டின் முன் உட்கார்ந்திருப்பவரிடம் கொல்லாமையைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அப்பாவும் ‘ஆட்டுத் தீவனம்’ என்று உன் சாப்பாட்டைக் கேலி செய்ய மாட்டார். அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

உனக்கு நான் ஒதுக்கியிருப்பது மாட்டுப் பொங்கல் மதியம். அன்று எப்படியும் சைவம்தான் என்பதால், உன் சமையலைக் கறியோடு ஒப்பிட யாருக்கும் தோன்றாது. பட்டியில் வைக்கிற பொங்கலுக்குப் பால் இல்லாமல் முடியாது, அதில் ஆத்தா விட்டுக்கொடுக்க மாட்டார். பக்கத்திலேயே சின்னப் பானையில் தேங்காய்ப் பாலில் உனக்கு ஒன்று வைத்துவிடலாம். காளானை முந்தின நாள் மாலை நானே வாங்கிவைக்கிறேன். வாழைப்பூ தோட்டத்திலேயே இருக்கிறது. பெங்களூரிலிருந்து மீல் மேக்கர் மட்டும் வாங்கி வராதே.

அன்புடன்,
அம்மா