முதல் ஜாப் ஓடுவதற்குள் பருவமே முடிந்துவிடுகிறது: கணிமை மையப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் பகிர்வுக் கணிமை வசதிகளை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் சென்னைக் கல்லூரி ஒன்றில் வேதியியல் நடத்துகிறேன். என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவிகள் புரதங்களின் அசைவை க்ரோமேக்ஸ் மென்பொருளில் கணக்கிடுகிறார்கள். கணக்கை வேகப்படுத்தும் ஜிபியு சில்லு இல்லாத எங்கள் ஆய்வகக் கணினியில் ஒரு கணக்கு முடிய வாரக்கணக்கில் பிடிக்கும். பல நிறுவனங்களின் கணினிகளை இணைத்து ஓடும் கிரிட்டில் அதே வேலையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அதனால்தான் உங்களிடம் வருகிறோம். வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

விண்ணப்பம், துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் முத்திரை எல்லாம் சரி. ஒருமுறை அலைந்தால் போதும். அப்புறம், நாம் யார் என்று கிரிட்டுக்குக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் ஒரு கோப்பாக வருகிறது. அந்த ஒரே கோப்பை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருளில் கட்டளை கொடுத்து இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒன்று சான்றிதழ், மற்றது ரகசியச் சாவி. சாவிக் கோப்பின் அனுமதி எண் 400 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கும்படி, இருக்க வேண்டும். மற்றவர்களும் படிக்கும்படி 644 என்று இருந்தால் உள்ளே விடாது. இதையும் தாண்டினால், ஜாப் (கிரிட்டுக்குக் கொடுக்கும் கணக்கு வேலை) போடுவதற்கு, சான்றிதழுக்குப் பதிலாகக் காட்டும் தற்காலிகச் சீட்டு போன்ற ஒரு ப்ராக்ஸி எடுக்க வேண்டும். அதன் வழக்கமான ஆயுள் 12 மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை ஜாபைக் க்யூவில் போட்டுவிட்டு ஊருக்குப் போன மாணவி திங்களன்று வந்து பார்க்கிறாள். முறை வருவதற்குள் ப்ராக்ஸி காலாவதியாகி, ஜாப் செத்துக் கிடக்கிறது. இன்னொரு நாள் ஓடத் தொடங்கிய ஜாப் பாதியில் நிற்கிறது. பதிவில் 137 என்ற எண் மட்டும் இருக்கிறது. பெரும்பாலும் நினைவகம் போதாமல் கணினியே வேலையை நிறுத்திவிட்டது என்று அதற்குப் பொருள். வேதியியல் படித்த பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? "நினைவகம் போதவில்லை, கூடுதலாகக் கேட்டு மறுபடி போடுங்கள்" என்று ஒரு வரி எழுதி வைத்தால், அவளுக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

இந்த ஏற்பாடு யாருக்காக உருவானது என்று யோசித்தால் காரணம் புரிகிறது. செர்ன் ஆய்வகத்தின் துகள் மோதல் தரவை அலசும் உலகக் கிரிட்டில், 40க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஏறத்தாழ 170 மையங்கள் உள்ளன. மும்பையின் டாடா அடிப்படை ஆய்வு நிறுவனமும் கொல்கத்தாவின் விஇசிசி என்ற அணு ஆய்வு மையமும் அதில் சேர்ந்தவை. அத்தகைய கூட்டு ஆய்வுகளில் கிரிட்டைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். இயற்பியலாளருக்குச் சிக்கல் வந்தால் பக்கத்து அறையில் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வழிகாட்டி, நாலைந்து மாணவர்கள் என்று நடக்கும் கல்லூரித் துறையில் யாரைக் கேட்பது?

இந்தியா இதற்காகச் செலவு செய்யாமல் இல்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் தொடங்கிய கருடா கிரிட் முதற்கட்டத்திலேயே 17 நகரங்களை இணைத்தது. 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் மிஷன் வந்தது. அதன் வழியாக 2022இல் திருச்சி என்ஐடிக்கு 838 டெராஃப்ளாப் (நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள்) வேகமுள்ள 'பரம் பொருள்' என்ற சூப்பர்கம்ப்யூட்டர் கிடைத்தது. இங்கே தரமணியில், கணித அறிவியல் நிறுவனம் 2004லேயே பல கணினிகளை ஒன்றாக இணைத்துக் கப்ரு என்ற கிளஸ்டரைக் கட்டி உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் இடம்பிடித்தது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளியானது சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து. என் மாணவிகள் இன்றும் ஒவ்வொரு புரத அமைப்பையும் அந்த வரைபடத்தை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், லாகின் சிக்கலுக்குப் பயந்து ஒரு மாணவி தன் ஆய்வுக் கேள்வியையே சின்னதாக்கிக்கொள்கிறாள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாதுகாப்பு முக்கியம் என்று சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 2020 மே மாதம் திருட்டு லாகின்கள் வழியாக ஆட்கள் புகுந்ததால், எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல சூப்பர்கம்ப்யூட்டர்களை மூட வேண்டியிருந்தது. ஆனால் நுழைவதைக் கஷ்டமாக்கினால் பாதுகாப்பு கூடுவதில்லை. ஒருவர் எப்படியோ லாகின் வாங்கிவிட்டால், அந்த ஆய்வகமே அவருடைய பாஸ்வேர்டில்தான் வேலை செய்கிறது. சான்றிதழ்க் கோப்பு பென் டிரைவில் கைமாறுகிறது. இது உங்களுக்கும் தெரியும்.

மாற்று வழி நம் கையிலேயே இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் இன்ஃபெட் என்ற பொது லாகின் ஏற்பாட்டின் வழியாக, உறுப்பினரான கல்லூரிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்கள் கல்லூரி லாகினைக் கொண்டே வீட்டிலிருந்து ஆய்விதழ்களைப் படிக்க முடிகிறது. "இவர் எங்கள் மாணவர்தான்" என்று கல்லூரி சொல்கிறது, பதிப்பகம் நம்புகிறது. அதே நம்பிக்கையைக் கணிமைக்கும் நீட்டுங்கள். அதற்கு மேல் கைப்பேசிக்கு வரும் ஓடிபி ஒன்றைக் கேளுங்கள், தாராளமாகச் செய்கிறோம். சான்றிதழ் தேவையென்றால் அதைத் திரைக்குப் பின்னால் நீங்களே உண்டாக்கிப் புதுப்பித்துக்கொள்ளலாம். மாணவி அதைப் பார்க்கவே வேண்டியதில்லை.

அடுத்தது திரை. ஒஹாயோ சூப்பர்கம்ப்யூட்டர் மையம் உருவாக்கிய ஓப்பன் ஆன்டிமாண்ட் இலவச மென்பொருள். பிரவுசரிலேயே கோப்பை ஏற்றலாம், ஜாப் போடலாம், க்யூவில் அது எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். உயிரியலாளர்களுக்குக் கேலக்சி என்ற தளம் பல ஆண்டுகளாக இதைச் செய்கிறது. கட்டளை வரி தெரிந்தவர்களுக்கு அதுவும் இருக்கட்டும். க்ரோமேக்ஸ் போல அதிகம் பேர் பயன்படுத்தும் மென்பொருள்களை மட்டும் முன்கூட்டியே நிறுவி, சோதித்து, ஓடக்கூடிய ஒரு மாதிரி ஜாபையும் சேர்த்து வைத்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு ஆய்வகமும் தனித்தனியாக அவற்றைக் கம்பைல் செய்து நிறுவப் பார்த்துத் தோற்கிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஆள். இயந்திரம் வாங்கப் பணம் ஒதுக்கும்போதே, ஆய்வாளருக்குக் கைகொடுக்கும் பணியாளருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும். சிஸ்டம் அட்மினுக்கே வேலை கழுத்து வரை இருக்கிறது, அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நான் கேட்பது வேறொருவரை. புரதம் என்றால் என்ன, ஜாபை ஓட்டும் கட்டளைகளை எழுதிய ஸ்க்ரிப்ட் என்றால் என்ன, இரண்டும் தெரிந்தவர். மாதம் ஒருமுறை கல்லூரிகளுக்கு வந்து உட்கார்ந்து, தமிழிலேயே பேசி, மாணவி கொண்டுவந்த ஜாபை அவள் கண்முன்னே ஓடவைத்துக் காட்டக்கூடியவர். நீங்கள் இப்போது நடத்தும் பயிலரங்குகளில் பெரும்பாலும் பல கணினிகள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யவைக்கும் எம்பிஐ நிரல் எழுதக் கற்றுத் தருகிறீர்கள். நல்லதுதான். ஆனால் எங்களில் பலருக்கு நிரல் எழுத வேண்டிய தேவையே இல்லை. எழுதி வைத்த நிரலை ஓட்டத் தெரிந்தால் போதும்.

அடுத்த பயிலரங்குக்கு, வருகிறவர்களைத் தோற்றுப்போன தங்கள் ஜாப்களின் எர்ரர் கோப்புகளோடு வரச் சொல்லுங்கள். அவற்றை வைத்துக்கொண்டே எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுக்கலாம். என் மாணவிகளிடம் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கிறது. கேட்டால் இன்றே அனுப்பச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியை,
சென்னை